மேகச் சிலந்திக்கு ஒரு மறுபிறவி

கனகம்மாசத்திரத்திலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் உட்கார்ந்து வீடியோ கேம் செய்யும் தம்பி தங்கைகளுக்கு,

நீங்கள் செய்துவரும் ரோல்-பிளேயிங் கேமின் முதல் பகுதியை என் செல்போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, "கதை எப்படி இருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க சார், வசனத்துல தப்பு இருந்தா திருத்துங்க" என்றீர்கள். வசனத்தில் தப்பு அதிகம் இல்லை. ஒற்றுப்பிழைகளை வாட்ஸப்பில் அனுப்பிவிட்டேன். சொல்ல வேண்டியது வேறொன்று இருக்கிறது. சென்னையிலும் கோவையிலும் கேம் டிசைன் படிக்கிற பிள்ளைகள் கொண்டுவந்து காட்டும் முதல் முயற்சிகளிலும் அதையே பார்க்கிறேன். அதனால் எல்லாருக்கும் பொதுவாக, திறந்த மடலாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில், மனசாரப் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுகிறேன். திருவாலங்காட்டு ரோடு பிரிகிற முக்கு அப்படியே இருக்கிறது. திருப்பதி பஸ் நிற்காமல் போவதும், நின்றவர் திட்டுவதும், அந்தத் திட்டு தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிவதும் இருக்கின்றன. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து நடக்கிறவர்களுக்கு நீர்மோர் கொடுத்தால் நாயகனின் உயிர்ப்பட்டி ஏறுகிறது என்று வைத்தீர்களே, அது எந்த நாட்டுக் கேமிலும் இல்லாத நுணுக்கம். இந்த ஊரை இவ்வளவு கூர்ந்து பார்த்த கண், திருத்தணி மலையேறியதும் எங்கே போயிற்று என்பதுதான் என் கேள்வி.

மலையேறியதும் என்ன நடக்கிறது? நாயகன் முந்நூற்று அறுபத்தைந்து படியும் ஏறுகிறான். பாட்டு நிற்கிறது. மேகம் இறங்குகிறது. திருத்தணி மலை அவ்வளவு உயரமில்லை, மேகம் அங்கே வந்து உட்கார்வதெல்லாம் அபூர்வம், மார்கழிப் பனிதான் உண்டு. போகட்டும், கதைக்கு மேகம் தேவையென்றால் இருந்துவிட்டுப் போகிறது. அந்த மேகத்துக்குள்ளிருந்து ஒரு கால் வருகிறது. பிறகு இன்னொன்று. எட்டுக் காலும் வெளியே வந்த பிறகும் உடம்பு தெரிவதில்லை. திரையின் மேல்பக்கம் சிவப்புப் பட்டியும் பெயரும் வருகின்றன. நாயகன் குறிப்பிட்ட இடத்தில் மூன்று முறை அடித்தால் மேகம் விலகுகிறது, வெள்ளை வயிறு தெரிகிறது, அங்கே குத்த வேண்டும். இப்படியே மூன்று சுற்று. செத்ததும் சிலந்தி புகையாகி, 200 நாணயமும் ஒரு நூல்கண்டும் விட்டுப்போகிறது.

அந்தக் கால்கள் ஒவ்வொன்றாக வரும் காட்சி நன்றாக வந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சிலந்தி யார், ஏன் அங்கே இருக்கிறது, மேகத்தை ஏன் போர்த்திக்கொண்டிருக்கிறது, அதற்கும் நாயகனுக்கும் என்ன வழக்கு? கேட்டதற்கு, "பாஸ் சார், பாஸ்னா அப்படித்தான்" என்றீர்கள்.

அப்படித்தான் என்று யார் வைத்தது? அதையும் கொஞ்சம் தேடிப் பார்ப்போம். உங்கள் சிலந்திக்கு ஒரு பாட்டி இருக்கிறாள். பெயர் உங்கோலியன்ட். டோல்கீன் எழுதி, அவர் காலத்துக்குப் பிறகு 1977-இல் வெளியான 'சில்மரில்லியன்' நூலில் வருகிறவள். சிலந்தி உருவம் எடுத்தவள். வெளிச்சத்தை உறிஞ்சிக் குடித்து, அதையே இருட்டாக நூற்று, அந்த இருட்டைத் தன்மேல் போர்த்திக்கொண்டு போகிறவள். மேகம் மூடிய சிலந்தி என்றால் மூலப்பிரதி அவள்தான். அவளுடைய வாரிசான ஷிலோப்பை 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படத்தில் பார்த்திருப்பீர்கள். டோல்கீன் பிறந்தது தென்னாப்பிரிக்காவின் புளூம்ஃபோன்டைன் ஊரில், 1892-இல். நடை பழகும் வயதில் தோட்டத்தில் ஒரு பெரிய சிலந்தி அவரைக் கடித்தது. ஆனால் அவரோ, அந்தக் கடி தனக்கு நினைவில்லை, சிலந்தி மேல் தனக்குத் தனி வெறுப்பும் இல்லை என்று சொல்லிவிட்டார். 1937-இல் வந்த 'ஹாபிட்' கதைக் காட்டில் ராட்சதச் சிலந்திகளை விட்டதற்கு அவர் சொன்ன காரணம் வேறு: அவர் மகன்களில் ஒருவனுக்குச் சிலந்தி என்றால் குலைநடுக்கம், அவனை நன்றாகப் பயமுறுத்தத்தான் வைத்தாராம். ஒரு வீட்டுப் பிள்ளையைப் பயங்காட்ட ஒரு தகப்பன் வைத்த பூச்சி, 1974-இல் வந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டில் குடியேறி, அங்கிருந்து ஜப்பான் போய், 'ஸெல்டா'வில் தொங்கி, 2011-இல் 'ஸ்கைரிம்' குகைகளில் பனி பூசிக்கொண்டு, கடைசியில் நம் திருத்தணி மலைமேல் வந்து உட்கார்ந்திருக்கிறது. டோல்கீனிடம் ஒரு காரணமாவது இருந்தது.

அந்த வழியில் வந்த எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு நகலெடுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நீங்கள் தினமும் விளையாடும் 'மைன்கிராஃப்ட்' கேமில் பகல் வெளிச்சத்தில் சிலந்தியைச் சீண்டாமல் விட்டால் அதுபாட்டுக்குப் போகும். 2015-இல் டோபி ஃபாக்ஸ் செய்த 'அண்டர்டேல்' இன்னும் ஒருபடி மேல். அதில் மஃபெட் என்றொரு சிலந்திப் பெண் வழிமறிக்கிறாள். கதையின் தொடக்கத்தில், ஒரு மூலையில், சிலந்திகள் ரொட்டியும் பலகாரமும் செய்து விற்கின்றன. குளிரில் மாட்டிக்கொண்ட தங்கள் இனத்துக்குப் பணம் சேர்க்கிறார்களாம். அங்கே வாங்கின பண்டத்தை எடுத்து மஃபெட் முன்னால் தின்றால் சண்டையே இல்லை, விட்டுவிடுகிறாள். காசு கொடுத்து வாங்காமல் போனவனோடுதான் அவளுக்கு வழக்கு. நீர்மோருக்கு உயிர்ப்பட்டி ஏற்றிய உங்களுக்கு இது தோன்றாமல் போனதே என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

இனி மலைக்கு வருகிறேன். இங்குதான் உங்கள் கேம் வசமாக மாட்டிக்கொள்கிறது.

கந்த சஷ்டிக்குத் திருச்செந்தூரில் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். கடற்கரை கொள்ளாத கூட்டத்தில் சூரசம்ஹாரம். தமிழ்நாட்டு முருகன் கோயில்களில் பெரும்பாலும் அன்றைக்கு சம்ஹாரம் உண்டு. அறுபடை வீட்டில் திருத்தணியில் மட்டும் கிடையாது. இங்கே அன்று புஷ்பாஞ்சலி. கூடை கூடையாகப் பூ. காரணத்தை உங்கள் வீட்டுப் பாட்டியே சொல்வாள்: சூரனோடு சண்டை எல்லாம் முடித்து, வள்ளிக்காக வேடர்களோடு மல்லுக்கு நின்றதும் முடிந்து, முருகன் கோபம் தணிந்து வந்து அமர்ந்த இடம் இது. அதாவது கடைசிச் சண்டை முடிந்த பிறகு நாயகன் வந்து மூச்சு வாங்கும் மலை. தமிழ்நாட்டில் எத்தனையோ மலை இருக்க, சம்ஹாரமே நடத்தக் கூடாது என்று வைத்திருக்கிற மலையைத் தேடிப்பிடித்து அதன் உச்சியில் பாஸ் சண்டை வைத்திருக்கிறீர்கள். வேறு மாவட்டத்துப் பிள்ளைகள் செய்திருந்தால் தெரியாமல் செய்தார்கள் என்று விட்டிருப்பேன்.

பக்தி விஷயமாக நான் இதைச் சொல்லவில்லை. உங்களில் யார் சாமி கும்பிடுகிறீர்கள், யார் கும்பிடுவதில்லை என்பது எனக்குத் தேவையில்லை. இந்த மண்ணின் கதைகளில் எதிரியை என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள் என்கிறேன். சூரன் மாமரமாகி நிற்கிறான், வேல் பிளக்கிறது, ஒரு பாதி மயில், மறு பாதி சேவல். ஒன்று வாகனம், ஒன்று கொடி. அவ்வளவு பெரிய வில்லனுக்குக் கதை முடிந்த பிறகு வேலை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். முக்கில் பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் திருவாலங்காடு. அங்கே காளிக்கும் சிவனுக்கும் நடந்தது ஆட்டப் போட்டி. ஒரு காலை நெட்டுக்குத் தூக்கி அவர் ஆட, சபையில் அவளால் அது முடியாமல் தோற்றாள். தோற்றவளைத் துரத்திவிடவில்லை. அவளுக்கும் அங்கே கோயில் இருக்கிறது, பூசை இருக்கிறது. ரத்தம் சிந்தாத, ஆட்டத்திலேயே முடிகிற பாஸ் சண்டை நம் பக்கத்து ஊரில் இருக்கிறது. உங்கள் கேமில் திருவாலங்காடு ஒரு மூட்டை அரிசி வாங்குகிற கடையாக மட்டும் வருகிறது.

திருவாலங்காட்டில் இன்னொன்றும் கிடைத்தது. 1905-இல் வெளிச்சத்துக்கு வந்த செப்பேடுகள், மொத்தம் 31 ஏடு, முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தவை. பழையனூரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுத்த சாசனம். அதன் வடமொழிப் பகுதி சோழர் வம்சாவளியை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருகிறது. அந்த வரிசையில் கோச்செங்கணான் வருகிறபோது, இவன் முன்பிறவியில் சிலந்தியாக இருந்தவன் என்ற கதையும் சேர்ந்தே வருகிறது. யோசித்துப் பாருங்கள். கங்கை வரைக்கும் படை அனுப்பிய அரசன், தன் முன்னோரில் ஒருவன் எட்டுக்கால் பூச்சியாக இருந்தவன் என்று செம்பில் வெட்டி வைத்திருக்கிறான். வெட்கப்படவில்லை, பெருமையாகச் சொல்லிக்கொள்கிறான்.

அந்தச் சிலந்தியின் கதைதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது. சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லியிருக்கிறார். கேட்டிருப்பீர்கள், ஆனால் கேம் செய்கிறவர் காதால் கேட்டிருக்க மாட்டீர்கள். திருவானைக்காவில் வெண்நாவல் மரத்தடியில் ஒரு லிங்கம். மேலே கூரை இல்லை. மரத்துச் சருகு லிங்கத்தின்மேல் விழுகிறது. ஒரு சிலந்தி அதைப் பார்க்கப் பொறுக்காமல், சருகு விழாதபடி மேலே தன் நூலால் பந்தல் போடுகிறது. அதே லிங்கத்துக்கு ஒரு யானையும் நீரும் பூவும் கொண்டுவருகிறது. யானையின் கண்ணுக்கு அந்தப் பந்தல் என்ன? ஒட்டடை. சாமிக்கு மேலே எவ்வளவு அசிங்கம் என்று துதிக்கையால் அடித்துக் கலைத்துவிட்டுப் பூசை செய்துவிட்டுப் போகிறது. சிலந்தி மறுபடி கட்டுகிறது. யானை மறுபடி கலைக்கிறது. கடைசியில் சிலந்தி துதிக்கைக்குள் புகுந்து கடிக்க, யானை வலி தாங்காமல் துதிக்கையைத் தரையில் மோதி விழுந்து சாகிறது, உள்ளே இருந்த சிலந்தியும் சாகிறது.

இதில் கெட்டவர் யார்? ஒருவரும் இல்லை. இரண்டும் ஒரே சாமிக்கு ஊழியம் செய்தவை. ஒன்றின் பூசை மற்றதன் கண்ணுக்கு அசுத்தம். உலகத்தில் எழுதப்பட்ட எதிரி-நாயகன் கதைகளில் இதைவிடக் கூர்மையான முடிச்சை நான் பார்த்ததில்லை. கேமுக்கென்றே செய்தது போலவும் இருக்கிறது: முதலில் யானையாக விளையாட வைக்கலாம். வழியில் தொங்கும் ஒட்டடைகளைக் கலைத்துக்கொண்டே போகிறான் நாயகன், ஒவ்வொன்றுக்கும் நாணயம் கொடுக்கிறீர்கள். அவனும் சந்தோஷமாகக் கலைக்கிறான். உச்சிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அவன் இத்தனை நேரம் எதைப் பிய்த்துப் போட்டான் என்பது தெரியவேண்டும். அப்போது அந்தச் சிவப்புப் பட்டிக்கு ஓர் அர்த்தம் வரும்.

மறுபிறவியில் அந்தச் சிலந்தி சோழனாகப் பிறந்தது, முதல் வேலையாக ஆனைக்காவில் கோயில் கட்டியது, பிறகு ஊர் ஊராகக் கட்டிக்கொண்டே போனது. எழுபது மாடக்கோயில் கட்டினான் என்று திருமங்கையாழ்வாரே பாடுகிறார். உயரமான கட்டுமானத்தின்மேல், ஒடுக்கமான படி வைத்த கோயில்கள். யானை ஏற முடியாது என்பதற்காகவே அப்படிக் கட்டினான் என்பது ஊர்வழக்கு. பிறவி மாறியும் பழைய பகை மாறவில்லை பாருங்கள். ஆனால் பகை இப்போது படிக்கட்டாக மாறிவிட்டது. இந்த ஒரு யோசனைக்காக ஒரு கட்டட வடிவ லெவலே செய்யலாம்.

இதுவும் தூரம் என்றால் காளாஸ்திரிக்குப் போங்கள். நகரி, புத்தூர், ரேணிகுண்டா தாண்டினால் வந்துவிடும். அங்கே பாம்பும் யானையும் சிலந்தியும் சேர்ந்தே தலபுராணத்தில் இருக்கின்றன. லிங்கத்தின் அடியில் சிலந்தி உருவத்தைச் சுட்டிச் சொல்வார்கள். அந்தக் கதையில் சிலந்தியின் எதிரி விளக்கு. வலையாலேயே சாமிக்குக் கோபுரம் கட்டி வைத்ததை விளக்குச் சுடர் எரித்துவிட, சிலந்தி சுடரையே விழுங்கப் போகிறது. வெளிச்சத்தை விழுங்கப் போன சிலந்தி! உங்கோலியன்ட்டும் அதைத்தான் செய்தாள். அங்கே அது பேராசை, இங்கே அது கட்டினதைப் பறிகொடுத்தவனின் ஆத்திரம். எதைக் கேமில் வைத்தால் விளையாடுகிறவன் ராத்திரி தூங்காமல் யோசிப்பான்?

புராணம் போதும், பூச்சிக்கு வருவோம். உங்கள் சிலந்திக்கு எட்டுக் கண்ணும் நெருப்பாய் எரிகிறது, நாயகனை உற்றுப் பார்க்கிறது. வலை கட்டும் சிலந்திகளில் பெரும்பாலானவற்றுக்குப் பார்வை மிகவும் மந்தம். அவை காலால்தான் உலகத்தை அறிகின்றன. காலில் இருக்கும் மெல்லிய பிளவுகள் நூலின் அதிர்வைப் பிடிக்கின்றன. மாட்டியது ஈயா, காய்ந்த இலையா, மாப்பிள்ளைச் சிலந்தியா என்பதை நூல் ஆடுகிற ஆட்டத்திலேயே தெரிந்துகொள்ளும். ஆகவே மேகம் இறங்கினால் கண் தெரியாமல் போவது நாயகனுக்கு மட்டும்தான், சிலந்திக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நீங்கள் தற்செயலாக மேகத்தை வைத்தீர்கள், அது நல்ல இடத்தில் போய் விழுந்திருக்கிறது. கண்ணால் தேடும் சிலந்தியை எடுத்துவிடுங்கள். தரையெல்லாம் நூல் ஓடட்டும். எந்த நூலை மிதிக்கிறான், எவ்வளவு அழுத்தி மிதிக்கிறான் என்பதை வைத்து அது எங்கிருந்து வரும் என்பது அமையட்டும். மெல்ல நடக்கத் தெரிந்தவன் சண்டையே இல்லாமல் அதன் பக்கத்தில் போய் நிற்கலாம்.

மேகத்துக்கும் சிலந்திக்கும் உண்மையிலேயே உறவு உண்டு. குட்டிச் சிலந்திகள் உயரமான நுனியில் ஏறி, பின்பக்கத்தைத் தூக்கி, நூலைக் காற்றில் விட்டுப் பறந்துவிடும். 1832-இல் பீகிள் கப்பலில் போன டார்வின், கரையிலிருந்து அறுபது மைல் தள்ளிக் கப்பலின் கயிறுகளில் ஆயிரக்கணக்கில் குட்டிச் சிலந்திகள் வந்து இறங்கியதைக் குறித்து வைத்தார். காற்று மட்டுமே தூக்குவதில்லை, வானில் எப்போதும் இருக்கும் மின்புலத்தை உணர்ந்தும் அவை கிளம்புகின்றன என்று பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் 2018-இல் காட்டினார்கள். 2010-இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் வெள்ளம் வந்து வடியாமல் நின்றபோது, தப்பிப் பிழைக்க மரமேறிய சிலந்திகள் மரம் மரமாக வலையால் மூடிவிட்டன. இணையத்தில் அந்தப் படங்களைத் தேடிப் பாருங்கள். மரத்துக்கு மரம் வெண்மேகம் கட்டி வைத்த மாதிரி இருக்கும். உங்கள் ஓவியம் வரைகிற தங்கை அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

அவ்வளவு தூரம்கூட வேண்டாம். நம் பக்கத்து வேலிகாத்தான் முள்ளைக் கிட்டப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? மழை ஓய்ந்த மாதங்களில், முள்ளுக்கு நடுவே அழுக்குப் பஞ்சை அடைத்த மாதிரி ஒரு கூடு இருக்கும். காய்ந்த இலை, வண்டின் ஓடு, வெட்டுக்கிளியின் கால் எல்லாம் அதில் ஒட்டியிருக்கும். அதிலிருந்து சுற்றியுள்ள கிளைகளுக்கு வலைத்துணி விரிந்து போகும். ஒரு துரும்பால் அந்தத் துணியை லேசாக நடுங்கச் செய்யுங்கள். ஒரு சிலந்தி வராது. நாலைந்து சேர்ந்து வரும், நின்று பார்க்கும், துரும்பு என்று தெரிந்ததும் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போய்விடும். இவை கூட்டாக வாழும் சிலந்திகள். ஸ்டெகோடைஃபஸ் சரசினோரம் என்று அறிவியல் பெயர். உலகத்தில் ஐம்பதாயிரத்துக்கும் மேலே சிலந்தி வகை இருந்தும், இப்படிக் கூட்டுக் குடித்தனம் நடத்துகிறவை மிகச் சில. இந்த வறண்ட நாட்டுக்கு ஏற்ற பூச்சி இது. அந்தப் பக்கம் சித்தூர் மாவட்டத்துக் குப்பத்தில் வெளிநாட்டு ஆய்வாளர்கள் வந்து இதைத் தேடிப் பிடித்துப் படிக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் முன்பே, 1905-இல், என். எஸ். ஜம்புநாதன் என்பவர் இதன் வாழ்க்கையை எழுதி அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் வெளியீட்டில் அச்சாகியிருக்கிறது. திருவாலங்காட்டுச் செப்பேடு வெளியே வந்த அதே வருஷம்.

இந்தச் சிலந்தியின் தாய் குஞ்சு பொரித்ததும் தான் தின்று செரித்ததைக் கக்கி ஊட்டுகிறது. ஊட்ட வேறொன்றும் இல்லாமல் போகும் நாளில் குஞ்சுகள் தாயையே தின்கின்றன. தாய் ஓடுவதில்லை. குஞ்சு பெறாத சித்திகளும் பக்கத்தில் இருந்து ஊட்டுகிறார்கள், அவர்களுக்கும் கடைசியில் அதே கதிதான். இதைப் படித்த பிறகு உங்கள் கேமில் செத்ததும் புகையாகிப் போகிற அந்த வெள்ளை வயிற்றுச் சிலந்தியை நினைத்துப் பாருங்கள். அதன் கூட்டில் யார் இருந்தார்கள் என்று நீங்கள் கேட்கவே இல்லை.

இன்னும் ஒன்று, இது உங்கள் மேகத்துக்காகவே நடந்தது போன்ற ஆராய்ச்சி. இந்த வகைச் சிலந்திகளின் நூலில் பசை கிடையாது. வயிற்றில் சல்லடை போன்ற ஒரு தகடு, பின்னங்காலில் சீப்பு. அந்தச் சீப்பால் இழுத்து இழுத்து, கண்ணுக்கே தெரியாத இழைகளைப் பஞ்சு மாதிரி நூலின்மேல் ஏற்றும். அதே பஞ்சு நூல் நூற்கும் யுலோபொரஸ் என்ற சிலந்தியை வைத்து, சீன விஞ்ஞானி ஜியாங் லெய் குழுவினர் 2010-இல் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். பனிமூட்டம் பட்டதும் அந்தப் பஞ்சு சுருங்கி நூலில் சிறுசிறு முடிச்சாகிறது. நூலில் எங்கே நீர்த்துளி உண்டானாலும் தானாக முடிச்சை நோக்கி ஓடிப்போய்ச் சேர்ந்து பெரிதாகிறது. சிலந்தி நூல் மேகத்திலிருந்து தண்ணீர் பிடிக்கிறது. அதைப் பார்த்துச் செயற்கை நூல் செய்து, பனியிலிருந்து குடிநீர் எடுக்க முயல்கிறார்கள்.

நம் மாவட்டத்துக்குத் தண்ணீர்க் கதை சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. பூண்டியில் தேங்குவது சென்னையின் குடத்துக்குப் போகிறது. நம் கிணறு நமக்குத் தெரியும். அப்படியொரு ஊரில், மலையுச்சியில் ஒரு பழஞ்சிலந்தி மேகத்தை வலை போட்டுப் பிடித்து வைத்திருக்கிறது. அந்த வலையின் முடிச்சு முடிச்சாய்ச் சொட்டும் நீரில்தான் கீழே ஒரு குளம் நிற்கிறது. நாயகனை அனுப்பியவர்களுக்கு அது தெரியாது, மலையை மறைக்கிற ஒட்டடையைக் கலைத்துவிட்டு வா என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இது போதாதா கதைக்கு? அவன் வெட்டினால் மேகம் விலகட்டும், வெயில் அடிக்கட்டும், எல்லாரும் கை தட்டட்டும். அடுத்த பகுதியில் ஊருக்கு இறங்கும்போது குளம் காய்ந்திருக்கட்டும். வெட்டாமல் வந்தவனுக்கு நூல்கண்டு கிடைக்கட்டும். அதைப் பொதட்டூர்பேட்டைத் தறிக்கோ அம்மையார்குப்பத்துத் தறிக்கோ அவன் கொண்டுபோகட்டும். தறிச்சத்தம் கேட்காத திருத்தணி வட்டாரம் உண்டா? உங்கள் கேமில் ஒரு தறிகூட இல்லை, அதையும் கவனித்தேன்.

இரண்டு சில்லறை விஷயம். சிலந்தி என்றால் நடுங்குகிறவர்கள் நம்மிலும் நிறையப் பேர், பயம் கேலிக்குரியது அல்ல. 'கிரவுண்டட்' என்ற கேமில் அவர்களுக்கென்று ஒரு திருகு வைத்திருக்கிறார்கள். திருகத் திருகக் கால்கள் குறைந்து, கடைசியில் சிலந்தி மொழுக்கென்ற உருண்டையாகிவிடும். அப்படியொன்று வையுங்கள், பெரிய வேலை இல்லை என்று நீங்களே சொல்வீர்கள். மற்றது, சிலந்தியின் நிறம். கறுப்பு ஏன்? திருத்தணி ஸ்டேஷன் வழியாக மும்பைக்குப் போகிற தண்டவாளத்திலேயே, கடப்பைக்கும் அப்பால், குத்தி என்ற ஊர் இருக்கிறது. அங்கே ரயில்வே மரக்கிடங்கில் பிடித்த ஒரு சிலந்தியை 1899-இல் போகாக் என்ற ஆங்கிலேயர் உலகத்துக்கு அறிமுகம் செய்தார். மயில் கழுத்து நீலம். பிறகு நூறு வருஷத்துக்கு மேல் யாருக்கும் கிடைக்காமல், 2001-இல் நந்தியால் பக்கத்துக் காட்டில் மறுபடி கண்டுபிடித்தார்கள். இன்று அழிவின் விளிம்பில் இருக்கிறது. அந்த நீலத்துக்காகவே வளர்ப்புப் பிராணியாக விற்கிறார்கள். முருகன் மலைச் சிலந்திக்கு அந்த நிறம் பொருந்தாதா?

"இதெல்லாம் உலக மார்க்கெட்ல போகுமா சார்?" என்று உங்களில் ஒருவர் கேட்பார் என்று தெரியும். கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறையை வைத்துச் செய்த 'வெண்பா' 2023-இல் வந்தது. இட்லியில் தொடங்கும் கேம். அடுத்த வருஷம் லண்டனில் பாஃப்டா விருது வாங்கியது. ராட்சதச் சிலந்தியைக் கொல்கிற கேம் அவர்களிடம் ஏற்கெனவே நூறு இருக்கிறது. நம்முடையதை நூற்றியோராவதாக வாங்க அவர்களுக்கு என்ன அவசியம்?

ஆகவே என் கோரிக்கை இதுதான். அந்த மேகம் இருக்கட்டும். ஒவ்வொன்றாக வெளியே வரும் எட்டுக் காலும் இருக்கட்டும். சிவப்புப் பட்டியையும் 200 நாணயத்தையும் எடுத்துவிடுங்கள், சிலந்திக்கு ஒரு காரணத்தையும் ஒரு மறுபிறவியையும் கொடுங்கள். அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாருமாகத் திருவாலங்காடு போய், தோற்ற காளிக்கு எங்கே இடம் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள். திரும்பி வந்து மலைக்காட்சியை மாற்றி எழுதுங்கள். எழுதியதை அனுப்புங்கள், ஒற்றுப்பிழை பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன்,
கனகம்மாசத்திரம்.